தவமலரின் மூன்றாம் நிரல்

நான் ஒரு வங்கியில் கடன் பிரிவு உத்தியோகத்தர். பெயர் ருஷ்தா, ஊர் புத்தளம். கொழும்பில் தலைமைக் காரியாலயத்தில் மூன்று வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள். முந்தல் கிளைக்கு மாற்றம் வந்தபோது மூக்கால் அழுதேன். என் ஆங்கிலத்தை இந்த உப்புக்காற்றில் யாரிடம் காட்டுவது என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த பெரிய கவலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவது தவமலர் என்ற மனுசியைப் பற்றி. அவருக்கு முன்னால் நான் எவ்வளவு சின்னவள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால், நான் என்னை எவ்வளவு பெரியவளாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் தெரிய வேண்டும்.

தவமலருக்கு ஊர் உடப்பு. வயது நாற்பத்தாறு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கணவர் கதிரவேலு கரைவலை இழுக்கிறவர். தவமலர் நெத்தலி காயவைத்து, செவ்வாய்க்கிழமைதோறும் முந்தல் கடைகளுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். கொடுத்த கையோடு எங்கள் கிளைக்கு வந்து வரிசையில் நிற்பார். காசு போடவோ எடுக்கவோ அல்ல. தன் முறை வந்ததும் என் மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து ஒரே ஒரு சொல்லைக் கேட்பார். பதில் கிடைத்ததும் எழுந்து போய்விடுவார்.

முதல் நாள் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“மிஸ், டோர்மன்ட் அக்கவுண்ட் எண்டா என்ன?”

அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயற்படாத கணக்கு என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் எழும்பவில்லை. ஒரு கணக்கு எப்படிச் செயற்படாமல் போகும் என்று கேட்டார். வருடக்கணக்காக யாரும் காசு போடாமல், எடுக்காமல் விட்டால் வங்கி அதை ஒதுக்கி வைத்துவிடும், காசு உள்ளேதான் இருக்கும், உரியவர் வந்து கேட்டால் கொடுக்கவேண்டும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கருவாட்டு வாசம் மட்டும் கதிரையில் தங்கிவிட்டது. நான் விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துத் தன் ஊர்க்காரி பார்வதி மாமியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மாமியின் மடியில் ஓரம் நைந்துபோன ஒரு வங்கிப் புத்தகம். கணவர் இறந்து ஒன்பது வருடம். புத்தகம் அலுமாரியில் சேலைக்கு அடியில் கிடந்திருக்கிறது. ஆள் போனால் கணக்கும் போய்விடும் என்று அந்த மாமி நினைத்திருக்கிறார். பார்த்தால் அறுபத்தோராயிரத்துச் சொச்சம் ரூபாய் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது. மரணச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம் என்று இரண்டு மாதம் அலைச்சல். ஒவ்வொரு தடவையும் தவமலர் கூடவே வந்தார். காசு கையில் கிடைத்த அன்று மாமி கவுண்டரிலேயே அழுதார். தவமலர் என் மேசைக்கு வந்து அந்தக் கிழமைக்குரிய சொல்லைக் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். இதையெல்லாம் போனில் தேடினால் ஒரு நிமிடத்தில் வருமே, எதற்கு வெயிலில் வந்து நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

“போன்ல மகள் பாத்துச் சொல்லுவா மிஸ். அது கருத்துத்தான். அது ஆருக்கு நடந்தது எண்டு போனுக்குத் தெரியாதே.”

அப்படிச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். பக்கத்துக்கு இரண்டு கோடு அடித்து மூன்று நிரலாகப் பிரித்திருந்தார். முதல் நிரலில் ஆங்கிலச் சொல், தமிழ் எழுத்தில். இரண்டாவதில் பொருள், தன் பேச்சில். மூன்றாவதில் ஒரு ஆளின் பெயர். அந்தச் சொல் யார் தலையில் விழுந்தது, யார் கையில் பலித்தது என்று கண்ணால் கண்ட பிறகுதான் மூன்றாம் நிரலை நிரப்புவாராம். அதுவரை அந்தச் சொல் தனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டாராம்.

நான் புரட்டினேன். டோர்மன்ட்: ஆள் வந்து எழுப்பும்வரை உறங்குகிற கணக்கு, பார்வதி மாமி. ஸ்டாண்டிங் ஓர்டர்: மாதாமாதம் சொல்லாமலே போய்ச் சேருகிற காசு, தாய்க்கு அனுப்புகிற தயானி, குவைத். ஓவர்ட்ராஃப்ட்: இருப்பதற்கு மேலால் எடுப்பது; எங்கட சம்மாட்டி. சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். அவருடைய பெயர் செக் திரும்புதலுக்கு நேரேயும் இருந்தது. கிரேஸ் பீரியட்: தவணை முடிந்த பிறகும் கொஞ்ச நாள் பொறுப்பது, கச்சான் காற்றுக்கு வலை இறங்காத மாதத்தில் கடைக்கார சரீப் நானா. நானா வங்கி நடத்தவில்லை, பலசரக்குக் கடை நடத்துகிறார். ஆனாலும் அந்தச் சொல்லுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்தக் கரையில் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

ஓரிடத்தில் என் பெயரும் இருந்தது. சர்விஸ் சார்ஜ்: ஏனென்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாத கட்டணம், ருஷ்தா மிஸ். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

எழுபது எண்பது சொல் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது, ஒன்றைத் தவிர. முதல் பக்கத்து முதல் சொல். கெரன்டர்: ஒருவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று நிற்கிற ஆள். மூன்றாம் நிரல் வெறுமையாய்க் கிடந்தது. பிணை நின்றவர்கள் இந்தப் பக்கம் ஆயிரம் பேர் இருப்பார்களே என்றேன்.

அப்போதுதான் தன் கதையைச் சொன்னார். கதிரவேலுவின் கூட்டாளி தனஞ்சயன் படகும் எஞ்சினும் வாங்கப் பதினொரு வருடத்துக்கு முன் வேறொரு வங்கியில் கடன் எடுத்தான். மூன்று பேர் பிணைக் கையெழுத்து வைத்தார்கள். தவமலர் ஒருத்தர். தனஞ்சயன் படகை விற்றுவிட்டு அவுஸ்திரேலியாவுக்கு ஆள் ஏற்றுகிற வள்ளத்தில் ஏறிப் போய்விட்டான். தன் பங்கு மூன்றில் ஒன்று என்று கணக்குப் பார்த்துத் தவமலர் காதுத்தோட்டை விற்றுக் காசோடு வங்கிக்குப் போனார். அங்கே முழுத் தொகையையும் கேட்டார்கள். மற்ற இருவரில் ஒருவர் செத்துப்போனார், ஒருவரைக் காணவில்லை. வங்கிக்குத் தேடிப்பிடிக்கக் கூடியவராக இருந்தது தவமலர் மட்டும்தான். சங்கிலி போனது, தையல் மெசின் போனது, வீட்டு வளவில் பாதி போனது. கட்டி முடிக்க நாலு வருடம்.

அது அவர் மட்டும் செய்த பிழை அல்ல. உடப்பில் யாராக இருந்தாலும் அதே பிழையைத்தான் செய்திருப்பார்கள். கரைவலையில் எல்லாம் பங்குதான். கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் பங்கு. மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் வெறுங்கையிலும் பங்கு, வலை கிழிந்தால் அந்தச் செலவிலும் பங்கு. பிறந்ததிலிருந்து லாபத்தையும் நட்டத்தையும் ஆள் எண்ணிப் பிரித்தே பழகியவர்கள், மூன்று பேர் கையெழுத்து வைத்த கடனை மூன்றால் பிரிக்காமல் வேறென்ன செய்வார்கள்?

அப்படியானால் கெரன்டருக்கு நேரே உங்கள் பெயரை அல்லவா எழுத வேண்டும் என்று கேட்டேன்.

“இல்ல மிஸ். அண்டைக்கு நான் தெரியாமத்தான் வெச்சேன். அது என்ட தலையில விழுந்தது, நான் நிண்டது இல்ல. எல்லாம் தெரிஞ்சு நிண்ட ஒரு ஆள நான் இன்னும் காணல்ல.”

போன வருடம், வலை இறங்கத் தொடங்கிய மாதத்தில், யூஜீனியாவின் விண்ணப்பம் வந்தது. யூஜீனியா ஒரு விதவை. கடற்கரையில் ஒரு துண்டுக் காணியை வாடகைக்கு எடுத்துக் கருவாட்டு வாடி வைத்திருந்தார். ஆறு பெண்கள் அங்கே மீன் காயவைத்துப் பிழைத்தார்கள். தவமலரும் அதில் ஒருத்தர். காணிக்காரருக்கு அந்தத் துண்டை விற்க வேண்டியிருந்தது. இறால் பண்ணைக்காரர் ஒருவர் ஏழு லட்சத்துக்குக் கேட்டு நின்றார். அதே விலையை மாத முடிவுக்குள் கொண்டுவந்தால் யூஜீனியாவுக்கே தருவேன் என்று காணிக்காரர் சொல்லியிருந்தார். தலவில தேவாலயத் திருவிழாவுக்குக்கூடப் போகாமல் யூஜீனியா சேர்த்தது இரண்டு லட்சம். மீதி ஐந்துக்குத்தான் எங்களிடம் வந்தார். கிடைக்காவிட்டால் ஆறு பேருக்கும் அடுத்த மாதம் மீன் விரிக்க மணல் இல்லை.

எல்லோரும் சின்ன வருமானக்காரர் என்பதால் நான்கு பிணையாளிகள் வேண்டும் என்றார் மனேஜர். யூஜீனியா நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாடிப் பெண்கள் மூவர், தன் மச்சாள் ஒருத்தர். தவமலரும் கூட வந்து பின்னால் நின்றார். அவர் பிணைக்கு வரவில்லை. இனி எந்தத் தாளிலும் கையெழுத்து வைப்பதில்லை என்று புருசனிடம் சொல்லியிருந்தவர் அவர். வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்தி பக்கத்தில் இருக்கட்டும் என்று யூஜீனியாதான் கூப்பிட்டிருந்தார்.

அது மாதக் கடைசி. எனக்குக் கொடுத்திருந்த கடன் இலக்கில் இன்னும் ஐந்து லட்சம் குறைவு. யூஜீனியாவின் கடன் போனால் கணக்கு நேராகும். பிணைப் பத்திரம் எட்டுப் பக்கம், முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் எனக்கும் ஒரு வரி உண்டு. மேற்சொன்ன அனைத்தும் பிணையாளிக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டன என்று நான் உறுதிப்படுத்த வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்க அதில் காலையிலேயே கையெழுத்து வைத்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான் வைப்பேன்.

பேனையை நீட்டியபோது அந்த நால்வரும் தங்களுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சு லட்சம், நாலு பேர், ஆளுக்கு ஒண்டேகால். அதுவும் யூஜீனியா கட்டாவிட்டால்தானே, சமாளிக்கலாம் என்றார் ஒருத்தர். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காது செவிடில்லை. வாயைத் திறக்கவில்லை. இந்த ஒன்றைத்தான் நான் என் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாமல் மறைக்க விரும்பினேன். ஆனால் இதைச் சொல்லாமல் தவமலரைப் பற்றிச் சொல்ல முடியாது.

தவமலர் முன்னுக்கு வந்து பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். விரலை வைத்து வைத்து ஆங்கில எழுத்துகளைத் தேடினார். ஐந்தாம் பக்கத்தில் ஜொயிண்ட்லி அண்ட் செவரலி என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். என் கையெழுத்தைக் கண்டார். என்னைப் பார்த்தார்.

“மிஸ் சொல்றீங்களா, நான் சொல்லட்டா?”

நான் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினேன். அவர் அந்த நால்வரின் பக்கம் திரும்பினார்.

“இது பங்கு இல்ல புள்ளையள். கரைவலக் கயித்த நாலு பேர் புடிச்சிருக்கிறம். மூண்டு பேர் விட்டுட்டுப் போனா, நிக்கிறவன்ட பங்க மட்டும் கடல் இழுக்குமா? முழு வலையும் அவனத்தான் இழுக்கும். இந்தச் சொல்லு அதுதான். நாலு பேரிட்டயும் கேக்கலாம், ஒருத்தரிட்டயே முழுசாவும் கேக்கலாம்.”

சட்டக் கல்லூரியில் வகுப்பு எடுக்கிறவர்கள் அந்த இரண்டு சொல்லுக்கு அரைமணி நேரம் விளக்கம் கொடுப்பார்கள். நானும் பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கியவள். அன்றுதான் எனக்கு அது விளங்கியது.

மச்சாள் முதலில் பேனையைக் கீழே வைத்தார். பிறகு ஒவ்வொருவராக. யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டில் குமர்ப்பிள்ளைகள் இருக்கிறார்கள், கூரை ஒழுகுகிறது. வெளியே போகும்போது யூஜீனியா மட்டும் தவமலரின் முன்னால் நின்றார்.

“நீ வாய மூடிக்கொண்டு நிண்டிருக்கலாம்,” என்றார். சத்தம் போடவில்லை.

தவமலர் பத்திரத்தை என் மேசையில் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அந்த நாளில் எனக்கும் அவர்மேல் கோபம்தான். உண்மையைச் சொன்னதால் ஒரு வாடி போகிறதே என்று கோபம். என் பெயர் அந்தப் பத்திரத்தில் பொய்யாக நிற்பதை ஒரு கருவாட்டுக்காரி கண்டுவிட்டாரே என்பதுதான் அதைவிடப் பெரிய கோபம். பத்திரத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தபோது மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. கதவு திறந்ததும் முதல் ஆளாகத் தவமலர் வந்தார். யூஜீனியா கூட வந்தார். கதிரவேலு வாசலருகே நின்றுகொண்டார். தவமலர் கொப்பிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். எங்கள் வங்கியின் நிலையான வைப்புச் சான்றிதழ். ஐந்து லட்சத்துப் பதினெட்டாயிரம். மகள் சாருமதிக்கு வீடு கட்ட ஏழு வருடமாகச் சேர்த்தது.

“இதுல லீன் போடுங்க மிஸ். கெரன்டர் நான் ஒருத்தி போதுமா?”

போதும். வைப்புப் பணத்தின்மேல் லீன் போட்டால் மனேஜருக்கு வேறு யாரும் தேவையில்லை. ஆனால் எனக்கு மனம் வரவில்லை. காசு உங்களுடையதாகவே இருக்கும், கடன் முடியும்வரை தொட முடியாது, யூஜீனியா கட்டத் தவறினால் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்றேன். தெரியும் என்றார். கொப்பியில் அந்தச் சொல்லையும் காட்டினார். அப்படியானால் வைப்பை உடைத்து யூஜீனியாவுக்கு நேரே கொடுத்துவிட்டால் இந்த எட்டுப் பக்கமும் வேண்டாமே என்று கேட்டேன்.

“நேரே குடுத்தா அவ எனக்குக் கடன்காரி மிஸ். நாளைக்கு ஒரே மணல்ல ரெண்டு பேரும் மீன் விரிக்கேலாது. பேங்குக்குக் கடன்காரியா இருக்கட்டும். நான் பின்னால நிண்டா காணும்.”

யூஜீனியா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் கதிரவேலுவைப் பார்த்தேன். ஒருமுறை இதே கையெழுத்தால் பாதி வளவை இழந்த மனிதர். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். ஓம் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

புதிய பத்திரத்தை எடுத்தேன். என் வரியில் கையெழுத்து வைக்கவில்லை. இந்த முறை வாசித்து விளங்கப்படுத்துகிறேன் என்று தொடங்கினேன். இரண்டாம் பக்கத்திலேயே அது மாறிவிட்டது. நான் சொல்லை வாசிக்க, பொருளை அவர் சொன்னார். டிஃபோல்ட் என்றேன், தவணை தவறுகிறது, முன்னர் தனஞ்சயன் செய்தது என்றார். டிமாண்ட் என்றேன்; முழுசையும் உடனே கட்டு என்று வருகிற கடிதம், பச்சைக் கடித உறையில் வரும் என்றார். இன்ட்ரெஸ்ட், பெனால்டி, ரிகவரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு வருடம், ஒரு வீட்டு வாசல். எட்டுப் பக்கம். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பக்கத்துக் கவுண்டரில் காசு எண்ணிக்கொண்டிருந்தவர்கூட எண்ணுவதை நிறுத்திவிட்டார். சுப்ஹானல்லாஹ் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். இந்தச் சொற்கள் என் கையில் எத்தனை வருடமாக இருந்தன. நான் அவற்றைத் தட்டச்சு செய்தேன். இந்த மனுசி அவற்றுக்குள் குடியிருந்துவிட்டு வந்திருக்கிறார்.

தெரியாமல் கையெழுத்து வைப்பதற்குத் துணிவு தேவையில்லை, அதைத் தினமும் பார்க்கிறேன். ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று உடம்பால் அறிந்த பிறகு, அதே இடத்தில், மகளின் வீட்டை வைத்துக்கொண்டு, அவர் பேனையை எடுத்தார். ஆறுதலாக, அவசரமில்லாமல், வளைவு வளைவாக, தவமலர் கதிரவேலு என்று தமிழில் எழுதினார். எழுதி முடித்ததும் யூஜீனியா அவருடைய தோளில் கையை வைத்தார். தவமலர் அந்தக் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, மை காயட்டும் என்றார்.

பிறகுதான் நான் என் வரியில் கையெழுத்து வைத்தேன். வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது. யார் யாருக்கு விளங்கப்படுத்தியது என்று அந்த வரியில் கேட்பதில்லை. நல்லவேளை.

கடன் அன்றே போனது. வாடி தப்பியது. யூஜீனியாவுக்கு இன்னும் முப்பத்தொரு தவணை இருக்கிறது. ஒரு மாதம் எட்டு நாள் பிந்தியது. அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தவமலர் அந்தச் செவ்வாயும் வந்து தன் சொல்லைக் கேட்டுவிட்டுப் போனார்.

நான் சொல்ல வந்தது கையெழுத்து வைத்த அன்று கடைசியாக நடந்ததை. எல்லோரும் எழும்பிய பிறகு தவமலர் சுவரோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்தார். கொப்பியைத் திறந்து முதல் பக்கத்துக்குப் போனார். கெரன்டர் என்ற சொல்லுக்கு நேரே, அத்தனை வருடமாக வெறுமையாய்க் கிடந்த இடத்தில், பென்சிலால் ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். நான், என்று எழுதியிருந்தார். மற்ற எல்லா இடத்திலும் பெயர். அந்த ஒரு இடத்தில் மட்டும் அப்படி.

கொப்பியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“மிஸ், இண்டைக்கும் செவ்வாக்கிழம. ஒரு சொல்லு தாங்க.”

நான் மேசையைப் பார்த்தேன். படிவங்களைப் பார்த்தேன். சுவரில் ஒட்டியிருந்த விளம்பரங்களைப் பார்த்தேன். எங்கும் ஆங்கிலச் சொற்கள்தான்; ஒன்றுக்கும் என் மூன்றாம் நிரலில் ஆள் இல்லை. அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.